மருத்துவச் சொல்லும் மலையகத் தமிழரும்

பதுளை நகரின் பெரியாஸ்பத்திரிக்குக் காலை வேளையில் ஒருமுறை சென்று பாருங்கள். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும், மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும், ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்தவர்கள், கையில் ஒரு துண்டுடன் வரிசையில் நிற்பார்கள். அத்துண்டில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டால், நம்மவருள் எத்தனை பேர் விடை சொல்லக்கூடும்? தன் உடம்பில் உள்ள நோயின் பெயரையே தான் அறியாமல், அதைப் பிறர் வாசிக்கும்படி கையில் ஏந்தி நிற்பது எத்தகைய நிலை என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள்.

மருத்துவச் சொற்கள் வைத்தியருக்குரியவை, நமக்கென்ன என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. வைத்தியரின் அறிவுக்கும் நோயாளியின் உடம்புக்கும் இடையே உள்ள பாலம் சொல்லேயாகும். பாலம் உடைந்திருப்பின் அக்கரையில் மருந்து மலைபோற் குவிந்திருந்தும் என்ன பயன்? தமிழில் மருத்துவச் சொற்கள் எவ்வாறு தோன்றின, அவற்றுள் எவை வாழ்ந்தன, எவை மாண்டன, மலைநாட்டுத் தமிழரிடம் அவை ஏன் வந்து சேரவில்லை என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அதன் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பழந்தமிழில் மருத்துவச் சொற்கள்

மருத்துவம் மேனாட்டாரோடு வந்தது, ஆகவே அதற்குரிய சொல்லும் அவர்களுடையதே என்று கருதுவோர் உளர். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் என்னும் ஊரின் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. அது 11ஆம் நூற்றாண்டினது. வேதம் ஓதும் மாணாக்கருக்கும் கோயிற் பணியாளருக்குமென நடைபெற்ற ஓர் ஆதுலர்சாலையைப் பற்றி அது கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், மருந்து கொணர்வோர், மருந்து சமைத்து நோயாளரைப் பேணும் பெண்டிர் என அங்கிருந்த ஒவ்வொன்றும் ஒவ்வொருவரும் அக்கல்லிற் பதிவாகியுள்ளனர். அறுவை செய்பவர் ஒருவரும் இருந்தார். அவரைச் 'சல்லியக்கிரியை பண்ணுவான்' என்று கல்வெட்டுக் குறிக்கிறது. ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன்னரே அறுவை வைத்தியருக்குத் தமிழ்நாட்டில் ஒரு பதவிப் பெயர் இருந்ததென்பது இதனால் விளங்கும்.

ஈழத்திலும் இம்மரபு குன்றவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் காலத்தைச் சேர்ந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் பரம்பரை வைத்தியர்களால் வழிவழியாகப் போற்றப்பட்டன. வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் மூன்று சொற்களையும் அறியாத பாட்டி ஒருத்தி நம் லயங்களில் இருந்ததுண்டோ? படிப்பறியாத அவள், "உனக்குப் பித்தம் ஏறியிருக்கு, எலுமிச்சம்பழம் குடி" என்பாள். கலைச்சொல் ஒன்று கற்றோரின் ஏட்டை விட்டிறங்கிக் கல்லாதாரின் நாவில் ஏறிவிட்டதற்கு அதுவே அடையாளம். அவ்வாறு ஏறிய சொல்லே உயிருள்ள சொல்.

1822ஆம் ஆண்டில் பிறந்த இருவர்

ஆறுமுக நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நல்லூரிற் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்க நாட்டின் மசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் பிறந்தார். ஒருவர் சைவம் காக்க வந்தவர். மற்றவர் கிறிஸ்தவம் பரப்ப வந்தவர். நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அதே 1848ஆம் ஆண்டில், அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் கிறீன் தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர் நின்றவர்கள். ஆனால் ஒன்றில் இருவர் கருத்தும் ஒன்றுபட்டது. தமிழனுக்கு அறிவு தமிழிலேயே செல்ல வேண்டும் என்பதே அது. நாவலர் அதற்காக வசனநடையைச் செம்மை செய்தார், அச்சியந்திரம் நிறுவினார், பாடநூல் எழுதினார். கிறீன் மருத்துவத்தைத் தமிழாக்கினார்.

இந்துக்களாகிய நாம் ஒரு மிஷனரியைப் புகழ்வதா என்று சில பெரியோர் ஐயுறலாம். அவ்வையம் காரணமற்றதன்று. தாம் சிகிச்சை செய்தோரையும் கற்பித்தோரையும் தம் சமயத்திற் சேர்ப்பதே கிறீனின் நோக்கங்களுள் முதன்மையானது. அதை அவர் மறைத்தாருமல்லர். அந்நோக்கத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை. எனினும், அவர் மொழிக்குச் செய்த தொண்டை மறுத்தல் நன்றி மறத்தலாகும். நாவலர்தாமும் இளமையில் மெதடிஸ்த பாதிரியார் பேர்சிவல் அவர்களுடன் இருந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவரன்றோ? நல்லது எங்கிருப்பினும் எடுத்துக்கொள்ளும் துணிவு நம் முன்னோர்க்கு இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியருள் கிறீன் முதல்வரல்லர். 1820ஆம் ஆண்டிலேயே ஜோன் ஸ்கடர் என்பவர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்யத் தொடங்கிவிட்டார். 1847இல் வந்து சேர்ந்த கிறீன், 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கலானார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆயின் அவர் ஒன்றைக் கண்டார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வேற்றூர்களுக்குச் செல்ல, கிராமத்து நோயாளி பழையபடியே கைவிடப்பட்டான். தம் ஊரிலேயே, தம் மக்களோடு மக்களாய் இருந்து வைத்தியம் செய்வோர் வேண்டுமாயின் கல்வி தமிழில் இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தார். இடையில் நாடு சென்று 1862இல் மீண்டு வந்த அவர், 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1873இல் உடல்நலம் குன்றித் தம் நாடு திரும்பும்வரை அப்பணியை விடவில்லை. சென்ற பின்னரும் தமிழ் நூல்களைத் திருத்துவதிலேயே காலங் கழித்து 1884இல் மறைந்தார்.

நூல்களும் சொற்களும்

உடலமைப்பையும் உடல் இயங்கும் முறையையும் சுகாதாரத்தையும் பற்றிக் கற்றர் என்பவர் எழுதிய நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயருடன் 1852இல் தமிழில் வந்தது. 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம் என்பது கிறே என்பார் எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். லண்டனில் 1858இல் முதன்முதல் அச்சான அந்நூல் 14 ஆண்டுகளில் தமிழ் மாணாக்கன் கைக்கு வந்துவிட்டது! இந்நூல்களிற் பலவற்றை மொழிபெயர்ப்பதிற் பெரும்பாடுபட்டவர்கள் சாப்மன், டன்வோர்த் முதலிய அவருடைய மாணாக்கர்களே. பெயரளவில் ஆங்கிலேயர்போல் தோன்றும் இவர்கள் நம் யாழ்ப்பாணத் தமிழர்கள் என்பதை மறத்தலாகாது.

புதிய சொற்களை ஆக்குவதற்குக் கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழிற் சொல் உண்டோவென்று தேடுவது. இல்லையேல் வடமொழியிலிருந்து எடுப்பது. அங்கும் பொருத்தமானது கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்பத் திருத்தி வழங்குவது. 'கெமிஸ்தம்' இம்மூன்றாம் வகையினது. 'சுகரணம்', 'அங்காதிபாதம்' என்பன இரண்டாம் வகையின. அவர் மருத்துவ அருஞ்சொல் அகராதிகளையும் தொகுத்து அச்சிட்டார்.

அச்சொற்கள் இன்று என்னவாயின என்று பார்ப்போம். அங்காதிபாதம் மறைந்து உடற்கூற்றியல் வந்தது. சுகரணம் மறைந்து உடற்றொழிலியல் வந்தது. கெமிஸ்தம் மறைந்து இரசாயனவியலும் வேதியியலும் வந்தன. 'பிரசவம்' மட்டும் மறையவில்லை. 'இரணம்' என்றாற் புண் என்று இன்றும் நம் முதியோர் அறிவர். காரணம் யாது? பிரசவம், இரணம் ஆகியவை நூலுக்கு வருமுன்னரே வீட்டில் வழங்கியவை. அங்காதிபாதமோ வகுப்பறைக்கு வெளியே கால்வைக்கவில்லை. வடமொழியாயினும் தென்மொழியாயினும் நோயாளியின் வீட்டுக்குள் நுழையாத சொல் நீண்டநாள் வாழ்வதில்லை. இஃது அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

கிறீனுக்குப் பின் தமிழில் மருத்துவங் கற்பிக்கும் முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆங்கிலமே வைத்தியரின் மொழியாயிற்று. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் அவர் நண்பர்களும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கங் கண்டனர். இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்குச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சொற்கள் பெருகின. ஆனால் அவை தேயிலை மலைகளின் மேல் ஏறினவா?

1872ஆம் ஆண்டில் மலைநாடு

மனுஷ அங்காதிபாதம் அச்சேறிய அதே 1872ஆம் ஆண்டில், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக இலங்கை அரசாங்கம் முதன்முதலாக ஒரு சட்டம் இயற்றியது. அதுவரை கோப்பித் தோட்டத்துக் கூலிக்கு நோய் வந்தால் துரை மனம் வைத்தாலன்றி மருந்தில்லை. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களுள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் எண்ணிலர். பின்னர் 1880இலும், மீண்டும் 1912இலும் அச்சட்டம் திருத்தி விரிவாக்கப்பட்டது. தோட்டங்களில் மருந்துச் சாலைகளும் மாவட்ட ஆஸ்பத்திரிகளும் தோன்றின. ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. 1924இல் ரயில் பாதை பதுளை வந்தடைந்தது. ஆஸ்பத்திரிகளும் சாலைகளும் கிட்ட வந்தன. மொழி மட்டும் கிட்ட வரவில்லை.

ஒரே ஆண்டில் வடக்கே தமிழில் உடற்கூற்று நூல் வெளிவந்தது. மலையிலே ஆங்கிலத்தில் மருத்துவச் சட்டம் வந்தது. இரண்டும் தமிழர்க்கென்றே வந்தவை. ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. தோட்டத்துச் சீக்காளி காலையிற் பெரட்டுக்களத்தில் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். துண்டு எழுதப்படும். அதைக் கொண்டு மருந்துச் சாலைக்குப் போனால் டிஸ்பென்சர் ஐயா ஒரு போத்தலில் மருந்து ஊற்றிக் கொடுப்பார். பெரிய நோயென்றால் வேறொரு துண்டுடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். 'வயித்துவலி' என்று புறப்பட்ட சொல், துண்டுக்குத் துண்டு மாறி, ஆங்கிலமாகி, முடிவில் நோயாளிக்கே அந்நியமாகிவிடும்.

துரைமாரும் தமிழ் கற்றார்கள், உண்மையே. அவர்களுக்காகச் சிறு கைந்நூல்கள் கொழும்பில் அச்சாயின. அவற்றுள் சின்னத்துரைமாருக்கென எழுதப்பட்ட ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. கிறீனின் நூல்களையும் இதனையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். முன்னவற்றில் தமிழ் அறிவின் மொழி. பின்னதில் தமிழ் ஏவலின் மொழி. மலைநாட்டுத் தமிழனிடம் நூறாண்டுக்கு மேலாக அதிகாரிகள் பேசிய தமிழ் பெரும்பாலும் இப்பின்னதே. 'போ', 'வா', 'நில்', 'மருந்து குடி' என்று கேட்டுப் பழகிய செவிக்கு, 'உனக்கு வந்திருப்பது இன்ன நோய், அது இவ்வாறு உண்டாகிறது' என்று எவரும் உரைத்ததில்லை. ஆகவே நோயைப் பற்றிக் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் பெற்றோரிடம் வேரூன்றிவிட்டது. இன்றும் வைத்தியர் முன்னே வாய்பொத்தி நின்று, வெளியே வந்தபின் பக்கத்திலிருப்பவரிடம் விளக்கங் கேட்கும் வழக்கம் அதன் எச்சமன்றி வேறென்ன?

சொல் காத்த உயிர்

சரியான சொல் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கும் மலைநாட்டிலேயே சான்று உண்டு. 1916இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் ஒரு நோயை ஒழிக்கும் இயக்கம் தொடங்கினர். வெறுங்காலுடன் மலைச்சரிவில் வேலை செய்வோரின் பாதத்துத் தோலைத் துளைத்து உட்சென்று, இரத்தவோட்டத்தோடு போய்க் கடைசியிற் குடலிற் பற்றிக்கொண்டு, நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் உறிஞ்சும் புழுவினால் வரும் நோய் அது. உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, கொழுந்துக்கூடை தூக்க முடியாமற் போனவர்களைச் 'சோம்பேறி' என்று கங்காணிமார் ஏசிய காலம் அது. அவர்கள் சோம்பேறிகளல்லர், இரத்தமற்றவர்கள்.

கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இப்புழுவை மக்களுக்கு எப்படி விளக்குவது? அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழிற் பெயர்த்துக் 'கொக்கிப்புழு' என்றனர். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே பாமரனும் விளங்கிக்கொள்வான். கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு இருக்கிறது, தானாக விழாது, மருந்து குடித்தே கழற்ற வேண்டும். கக்கூசு கட்டுவதும் அதனைப் பயன்படுத்துவதும் ஏன் வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்து விளங்கிற்று. மலத்திலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து காலுக்கும் புழு வருகிறதென்றால் எங்கே தடுக்க வேண்டுமென்று எவருக்கும் தெரியுமன்றோ? அந்த ஒரு பெயர் ஒரு முழுப் பாடத்தைச் சுமந்து சென்றது.

தமிழுக்குள்ளே தமிழ்

தமிழில் எழுதிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இலங்கையில் வழங்கும் மருத்துவத் தமிழ் பெரும்பாலும் வடபுலத்து வழக்கையொட்டி அமைந்தது; நம் பேச்சோ தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தது. அங்கே 'சத்தி' என்பதை நாம் 'வாந்தி' என்கிறோம். அங்கே 'வயிற்றோட்டம்', இங்கே 'பேதி'. அங்கே 'தடிமன்', இங்கே 'சளி'. அங்கே 'சின்னமுத்து' எனப்படுவது இங்கே 'தட்டம்மை'. 'நெருப்புக் காய்ச்சல்' என்றால் டைபாய்ட் என்றும், 'தொண்டைக் கரப்பன்' என்றால் டிப்தீரியா என்றும், 'ஏற்புவலி' என்றால் டெட்டனஸ் என்றும் இலங்கைச் சுகாதார ஏடுகளில் அச்சாகியிருப்பதை நம் தாய்மார் எத்தனை பேர் அறிவர்? கரப்பன் என்றால் நமக்குத் தோல்நோய். ஆகவே கழுத்திற் சிரங்கு வருவதென்று எண்ணிக்கொள்வார்கள்.

பல் வைத்தியத்தில் இவ்வேறுபாடு வேடிக்கையாகவே இருக்கும். பல்லைச் சுற்றியுள்ள சதையை நாம் ஈறு என்கிறோம். லயத்துப் பேச்சில் அது எகிறு. யாழ்ப்பாணத்தில் அதன் பெயர் முரசு! "முரசில் இரத்தம் வருகுதோ?" என்று வடபகுதி வைத்தியர் ஒருவர் கேட்க, கோயில் முரசுக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று நம்மூர்க் கிழவர் விழிப்பார். பாடநூலில் வெட்டும்பல் 8, வேட்டைப்பல் 4, முன்கடைவாய்ப்பல் 8, கடைவாய்ப்பல் 12, ஆகப் பல் 32 என்று மாணாக்கர் கற்கின்றனர். வேட்டைப்பல்லை ஆங்கிலேயர் நாய்ப்பல் என்ற பொருளில் வழங்குகின்றனர். கடைசியில் முளைக்கும் பல் அவர்களுக்கும் ஞானப்பல், நமக்கும் ஞானப்பல். பல்லின் மேல் வெண்மையாகப் பளபளக்கும் கடினமான பூச்சு இலங்கைப் பாடநூல்களில் 'மிளிரி' எனப்படும். மிளிர்வது மிளிரி. எவ்வளவு அழகிய சொல்! ஆயினும் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லக் கேட்டவர் நம்முள் யார்?

இது வெறும் வேடிக்கையன்று என்பதற்கு என் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அத்தை ஒருத்தி 40 ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். வெற்றிலை, பாக்கு, புகையிலை இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. ஒருநாள் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு தோன்றி, காரம் பட்டால் எரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியர் நல்லவர். உடனே 'பயாப்ஸி' செய்ய வேண்டுமென்று நாள் குறித்துக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்றைக்கு மொழிபெயர்க்கவும் ஒருவரில்லை. வரிசையில் நின்ற யாரோ ஒருவர், "அது கன்னத்துச் சதைய அறுத்து எடுக்கிறது" என்று விளக்கங் கொடுத்துவிட்டார். அத்தை வீடு வந்து, "கன்னத்தை அறுத்துட்டா நான் எப்படி ராசா கஞ்சி குடிக்கிறது? நான் போகமாட்டேன்" என்று சொல்லி அத்துண்டைச் சாமி படத்தின் பின்னே செருகி வைத்தாள். எட்டு மாதங் கழித்து அத்துண்டு என் கண்ணில் அகப்பட்டது. அதற்குள் நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

பயாப்ஸி என்றால் நெல்லளவு சதையைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இழையப் பரிசோதனை என்று தமிழிற் சொல்லலாம். 'ஒரு பொட்டு சதையை எடுத்துப் பார்ப்பாங்க, கொஞ்ச நாளில் புண் ஆறிடும்' என்று எவரேனும் ஒருவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அத்தை போயிருப்பாள். வெற்றிலைக்கூட்டில் இடும் பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்துள்ளது. புகையிலை சேராவிடினும் ஆபத்துண்டு. வாயில் வெண்படலமோ, ஆறாத புண்ணோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ கண்டால் தாமதிக்கலாகாது.

சொற்களின் திறவுகோல்

மருத்துவச் சொற்கள் கடினமானவை போலத் தோன்றினும் அவை சில உறுப்புக்களைச் சேர்த்துக் கட்டியவையே. பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் மொழிகளிலிருந்து வந்தவை. ஆங்கிலேயருக்கும் அவை அந்நியமே. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பது. ஜின்ஜிவைட்டிஸ் ஈறழற்சி, கெஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி அகற்றுதல். 'ஸ்கோப்பி' என்றால் குழாய் செலுத்தி உள்ளே பார்த்தல். 'ஹைப்பர்' என்றால் மிகை, 'ஹைப்போ' என்றால் குறை. இவ்விரண்டையும் மாற்றி விளங்கிக்கொள்வது உயிருக்கே கேடு. ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து நோயாளி வியர்த்து மயங்குவது. உணர்விருக்கையில் உடனே சீனி கரைத்துக் கொடுக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா அதற்கு நேர்மாறு.

'பொசிட்டிவ்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றியிருக்கிறது. நல்லது என்ற பொருளில் அதைக் கேட்டு மகிழ்ந்தோர் உண்டு. பரிசோதனையில் பொசிட்டிவ் என்றால் தேடியது காணப்பட்டது என்று பொருள். தேடியது நோயாயின் நோய் உண்டு. மருந்துத் துண்டில் 'பி.டி.' என்றால் நாளுக்கு இருமுறை, 'டி.டி.எஸ்.' என்றால் மும்முறை. இவை இலத்தீன் சொற்களின் சுருக்கம். உணவுக்கு முன்னா பின்னா என்பதைக் கேட்டறிய வெட்கப்பட வேண்டியதில்லை.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் பல, சிங்களமும் தமிழும் வழங்கும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. சட்டத்தில் நமக்கு இடமுண்டு. ஆயினும் சட்டம் வந்து வரிசையில் நிற்கும் கிழவியின் காதில் ஓதாது. அதற்கு மனிதர் வேண்டும்.

நம் மன்றத்து இளைஞருள் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அறிந்தோர் பலர் உளர். லயத்திலிருந்து ஒரு முதியவர் கிளினிக்குக்குப் புறப்பட்டால், "தாத்தா, நானும் வாரேன்" என்று உடன் செல்லுங்கள். வைத்தியர் சொன்னதை நம் பேச்சில் எடுத்துச் சொல்லுங்கள். விளங்காததைத் திருப்பிக் கேளுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் மட்டும் சொல்லாதீர்கள். என் அத்தைக்கு விளக்கஞ் சொன்னவர் தீயவரல்லர், அரைகுறையாய் அறிந்தவர், அவ்வளவே. பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு கடமையுண்டு. நோய்க்கும் உறுப்புக்கும் நம் தோட்டங்களில் வழங்கிய பழைய பெயர்களை நீங்களே அறிவீர்கள். அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்; அவர்கள் குறித்து வைக்கட்டும். எகிறும் முரசும் ஈறும் ஒன்றே என்று ஒரு சிறு பட்டியல் ஒவ்வொரு மருந்துச் சாலைச் சுவரிலும் தொங்குமாயின், அது கிறீன் தொகுத்த அகராதிக்கு எவ்விதத்திலும் குறைந்ததாகாது.

மானிப்பாயில் கிறீனின் பெயரால் ஒரு வைத்தியசாலை இன்றும் நிற்கிறது. அவர் ஆக்கிய சொற்கள் பல மறைந்தன. அவர் கொண்ட கொள்கை மறையவில்லை. வைத்தியன் பேச்சு நோயாளிக்கு விளங்க வேண்டும் என்பதே அக்கொள்கை. வடபுலத்திற் பிறந்த அவ்வெண்ணம், 1872இல் ஏறத் தவறிய மலையில் இனியேனும் ஏறட்டும். ஏறுவதற்குரிய படிகளாக நம் இளைஞர் அமைவாராக. முருகன் திருவருள் துணை நிற்க.